வாய் மூடிய மேளக்காரன்

வெள்ளிக்கிழமை காலை, முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாயைக் கடித்துக்கொண்டிருக்கும்போது நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இனி என் பெண்டாட்டியைப் பாராட்டுவதில்லை.

இதில் என்ன பெரிய வீரம் என்று நீங்கள் நினைக்கலாம். உங்களுக்கென்ன, எப்போதாவது 'சூப் நல்லாயிருக்கு' என்று சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொள்வீர்கள். எனக்கு அது தொழில். எங்கள் பக்கத்துக் கதைப்பாட்டில் இரண்டே பேர். ஒருவர் கையில் விசிறியோடு நின்று பாடுவார். இன்னொருவர் பாயில் உட்கார்ந்து மேளம் அடிப்பார். அடித்தால் மட்டும் போதாது. வரி முடிகிற இடம் பார்த்து 'பலே', 'ஆகா', 'அப்படிப் போடு' என்று குரல் கொடுக்க வேண்டும். அந்தக் குரல் விழாவிட்டால் பாட்டு எழும்பாது. நின்று பாடுகிறவள் என் மனைவி மல்சூன். உட்கார்ந்திருப்பவன் தொக்சாம் ஆகிய நான். கல்யாணமான நாளிலிருந்து, ஊரறிய, மேளமடித்து அவளைப் பாராட்டிக்கொண்டிருக்கிறேன்.

மல்சூன் எங்கள் ஊர்க் கலை மன்றத்தில் மரபுப் பாட்டு வகுப்பு நடத்துகிறாள். கோழி வறுத்து விற்கும் கடைக்காரி, தபால்காரர் மனைவி, பல் டாக்டரின் மாமியார் என்று கூட்டம் அலைமோதுகிறது. எல்லோருக்கும் பாடத்தான் ஆசை. மேளத்தின் பக்கம் ஒருத்தரும் எட்டிப் பார்ப்பதில்லை. அவள் 'டீச்சர்'. நான் 'டீச்சர் வீட்டுக்காரர்'. மரபைக் காப்பாற்ற மன்றம் இருக்கிறது. என்னைக் காப்பாற்ற யார் இருக்கிறார்கள்?

"மேளத்துக்குத் தனியா ஒரு வகுப்பு வேணும். எம் பேர்ல," என்றேன்.

"யாருங்க வருவா?" என்றாள் மல்சூன்.

"வரமாட்டாங்கன்னு யார் சொன்னா?"

"போன வருஷம் ஒருத்தர் வந்தாரே. எங்க அவர்?"

"அவருக்கு இடுப்பு வலி."

"உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி அவருக்கு இடுப்புன்னு ஒண்ணு இருக்கிறதே ஞாபகமில்லை. ஒரு அடி தப்பினாலும் தண்டனையா எழுந்து எழுந்து உட்காருன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பீங்க?"

அவள் சொன்னதெல்லாம் கிசுகிசுப்பாக. அவள் கத்தினால் எனக்குப் பயமில்லை, பழகிவிட்டது. ஆனால் ஒரு வாரமாகக் குரலைச் சேமிக்கிறாள். தேனில் வேகவைத்த பேரிக்காயைத் தின்றுகொண்டு வீடு முழுக்கக் கிசுகிசுத்தபடி நடக்கிறாள். காரணம், மறுநாள் சனிக்கிழமை.

எங்கள் மண்டபத்தை, எங்கள் நேரத்துக்கே கேட்டு ஒரு நடனக் கோஷ்டி மனுப் போட்டிருந்தது. மன்றச் செயலாளர் சனிக்கிழமை கமிட்டியோடு வந்து பாட்டைக் கேட்பார். மண்டபம் யாருக்கு என்று அங்கேயே சொல்லிவிடுவார். அவருடைய குடும்பப் பெயர் நாம். 'நாம் பார்த்துக்கொள்கிறோம்' என்பார். பார்த்துக்கொள்வது எப்போதும் நாங்கள்தான். மண்டபம் போனால் வகுப்பும் போச்சு. வீட்டில் பாட அடுத்த வீட்டுக்காரர் விடமாட்டார்.

இதைவிட நல்ல சமயம் எனக்கு வாய்க்காது.

"வகுப்பு தர்றேன்னு சொல்லு. இல்லேன்னா நாளைக்கு மேளம் மட்டும்தான். வாயைத் திறக்க மாட்டேன்."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். பேரிக்காயை மென்று விழுங்கினாள்.

"உங்க வாய், உங்க இஷ்டம்."

அவ்வளவுதான். இரவு முழுக்க எனக்குத் தூக்கமில்லை. அவள் குறட்டைகூடக் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

சனிக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் செயலாளர், பக்கத்தில் கமிட்டிக்காரர்கள். பின்னால் கதவோரம் நடனக் கோஷ்டி, ஒரே நிறச் சட்டையில், மண்டபத்தைக் கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தது. மல்சூன் விசிறியை விரித்தாள். கஞ்சன் ஒருவன் வீட்டுக்கு மழையில் விருந்தாளி வருகிற கதை. முதல் வரி முடிந்தது. நான் மேளத்தைத் தட்டினேன். வாயை மூடிக்கொண்டேன்.

மாணவிகள் என்னைப் பார்த்தார்கள். மேளக்காரர் தொடங்காமல் நீங்கள் குரல் கொடுக்கக்கூடாது என்று அவர்களைத் திட்டித் திட்டிப் பழக்கியவன் நான்தான். அவர்களும் கல்லாக உட்கார்ந்திருந்தார்கள்.

இரண்டாம் வரி. நிசப்தம். மூன்றாம் வரி. செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மல்சூனின் கழுத்து நரம்பு புடைத்தது. மேலே ஏற வேண்டிய இடத்தில் குரல் பிசிறி, உடைந்தது. இத்தனை வருஷத்தில் அந்த இடத்தில் அவள் குரல் உடைந்து நான் கேட்டதில்லை. என் தொண்டைக்குள் ஒரு 'பலே' முட்டிக்கொண்டு நின்றது. பல்லைக் கடித்தேன். மேளக்கோல் வியர்வையில் வழுக்கியது. கதவோரம் யாரோ சிரித்தார்கள். இன்னும் ஒரு வரி, அவளாக என்னைத் திரும்பிப் பார்க்கட்டும், விட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

அவள் திரும்பவில்லை. விசிறியைச் சடக்கென்று மூடினாள். பாட்டை நிறுத்திவிட்டு வசனத்துக்கு வந்தாள்.

"விருந்தாளி கேட்டான்: 'ஏம்மா, உங்க வீட்டுக்காரர் வாயே திறக்க மாட்டேங்கறாரே, கோவமா?' கஞ்சனோட பெண்டாட்டி சொன்னா: 'கோவமெல்லாம் இல்லைங்க. பாவம், அவருக்கு வயசாயிடுச்சு. வாயைத் திறந்தா தாளம் தப்பிடும். அதான் மனசுக்குள்ள எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கார்.'"

கதையில் அப்படி ஒரு வசனமே கிடையாது.

மண்டபம் சிரித்தது. சிரித்தது இருக்கட்டும். மாணவிகளுக்கு முன்னால், கமிட்டிக்கு முன்னால், என் தாளமா தப்பும்?

"யாருக்குத் தப்பும்?" என்று கத்திவிட்டேன்.

அந்தக் கத்தல் சரியாகத் தாளத்தில் விழுந்து தொலைத்தது. கைதட்டல் எழுந்தது. மல்சூன் அதையே பிடித்துக்கொண்டு ஏறினாள்.

"வாய் வந்துடுச்சு, கை வரலையே?"

"நீ பாடு, பார்க்கலாம்!" மேளத்தைப் பிளந்துவிடுவதுபோல் அடித்தேன்.

அவள் வேகத்தைக் கூட்டினாள். நான் விடவில்லை. "ஓடாதே!" என்றேன், "நில்லு!" என்றேன், "அதுக்குள்ள மூச்சு வாங்குதா?" என்றேன். எல்லாம் நிஜமான ஆத்திரம். எல்லாம் இடம் தவறாமல் விழுந்தது. மாணவிகளும் சேர்ந்து கத்தினார்கள். கோழிக்கடைக்காரி என்னைப் பார்த்துச் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது.

பிறகு அவள் மெதுவானாள். கஞ்சனின் மனைவி, விருந்தாளிக்குப் போடச் சோறில்லாமல் அடுப்படியில் தனியாக நின்று பாடுகிற பாட்டு. உடைந்த குரலை மறைக்காமல் அப்படியே வைத்துப் பாடினாள். சண்டை, வகுப்பு, மண்டபம் எதுவும் எனக்கு நினைவில் இல்லை. "ஆகா" என்றேன். யாரோ சொன்னதுபோல் என் காதில் விழுந்தது.

முடிந்ததும் செயலாளர் எழுந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே, மண்டபம் உங்களுக்குத்தான் என்றார். நடனக் கோஷ்டியும் கைதட்டியது. அவர் நேராக என்னிடம் வந்தார்.

"ஐயா, உங்களுக்குத் தனி வகுப்பு கொடுத்துடறோம்."

"மேளத்துக்கா?" எனக்கு நெஞ்சு விம்மியது.

"இல்லைங்க. வாய்க்கு. பாடறவங்களை எப்படிப் பாராட்டறதுன்னு சொல்லித்தர இப்ப ஆளே இல்லை. உங்க வீட்டம்மா போன வாரமே சொன்னாங்க. 'நீங்க வந்து பாருங்க, அவர் வாயைத் திறக்கிற அழகுக்கே ஒரு வகுப்பு தருவீங்க'ன்னு."

போன வாரமா? என் முடிவு எனக்கே நேற்றுக் காலைதான் தெரியும்.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன். "அந்தக் குரல் உடைஞ்சது? அதுவும் நடிப்பா?"

"அது நிஜம்தாங்க," என்றாள், இப்போது முழுக் குரலில். "நீங்க அவ்வளவு நேரம் தாக்குப்பிடிப்பீங்கன்னு நான் நினைக்கலை."

அவள் கையிலிருந்த மேளப் பையையும் நானே வாங்கிக்கொண்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை என் வகுப்பு தொடங்கியது. கதவைத் திறந்தால் தபால்காரர், பல் டாக்டரின் மாமனார், கோழிக்கடைக்காரியின் புருஷன் என்று வரிசையாக ஆண்கள், என்னைக் கொன்றுவிடுகிற முகத்தோடு. எல்லோரையும் பெண்டாட்டிகள் அனுப்பியிருந்தார்கள். மாதிரிக்கு நாலு வரி பாட மல்சூன் வந்திருந்தாள். பாடினாள், நான் பாராட்டிக் காட்டினேன், அவர்கள் முனகினார்கள்.

கோழிக்கடைக்காரர் கையைத் தூக்கினார். "ஒரு சந்தேகம். வீட்ல அவங்க சமையலுக்கும் இப்படித்தான் கத்தணுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மல்சூன் சொன்னாள்: "அது ரெண்டாம் மாசப் பாடம்."

பாடத்திட்டம் என்று ஒன்று இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.