குனிகிறவர்களுக்கு வாம்பட் பை

சட்டைப் பையை விலங்கியலாகப் பார்த்த ஒரே மனிதர் உலகத்திலேயே எங்கள் பாபநாசம் கடைத்தெருவின் கங்காரு டெய்லர்தான். ஆஸ்திரேலியாவிலிருந்து மச்சான் அனுப்பும் வீடியோக்கள்தான் அவருக்குத் தையல் சாஸ்திரம்.

“சார், உங்களுக்கு நிக்கிற வேலையா, குனியிற வேலையா?” என்று கேட்டுவிட்டுத்தான் டேப்பை எடுப்பார். நிற்கிறவருக்குக் கங்காரு மாதிரி, பை வாய் மேலே. குனிகிறவருக்கு வாம்பட்.

“அது என்னங்க?”

“குட்டைக் காலோட குண்டா இருக்கும் சார். வளை தோண்டுறதுதான் வேலை. அதுக்கும் வயித்துலதான் பை. ஆனா வாய் பின்பக்கமா இருக்கும். இல்லாட்டி தோண்டுற மண்ணெல்லாம் குட்டி மேல போயிரும்ல?”

“எனக்கு உக்கார்ற வேலை.”

என் வயிற்றைப் பார்த்தார். “அது தெரியுது.”

என் மூன்று மா நிலத்தில் நடவு நடும் செல்வியக்காவுக்கு அப்போது ஒரே கவலை. மன்னார்குடியில் மகளுக்கு இரண்டாவது பிரசவம். வலி எடுத்ததும் மருமகன் போன் செய்வார். உடனே ஓட வேண்டும். சேலைக்கு மேல் போட்ட சட்டையின் பையில் போனை வைத்துக் குனிந்தால் நழுவி விழுந்தது.

டெய்லர் அந்தப் பையைப் பிரித்து, வாய் இடுப்பைப் பார்க்கும்படி திருப்பித் தைத்தார். வரப்பில் நானும் அவரும் நின்றோம். செல்வியக்கா குனிந்தபடியே போனை உள்ளே தள்ளிவிட்டு நாற்றை ஊன்றினார். போன் அசையவில்லை. டெய்லர் மீசையைத் தடவினார். சற்று நேரத்தில் செல்வியக்கா நிமிர்ந்தார். போன் நேராகச் சேற்றில்.

“ஏங்க டெய்லரே, உங்க பிராணி இடுப்பு வலிச்சா நிமிரவே நிமிராதா?”

“நிமிராதுங்க,” என்றார் டெய்லர், மெல்ல. “நான்தான் யோசிக்கல.”

துடைத்துப் பார்த்தால் போனுக்கு உயிர் இருந்தது. டெய்லர் அதை வாங்கிக்கொண்டார். “நீங்க நடுங்க. இது என்கிட்ட இருக்கட்டும்.”

தீபாவளித் துணி கடையில் மலையாகக் குவிந்து கிடந்தது, என் சட்டை உட்பட. அவரோ அன்றும் மறுநாளும் வரப்பை விட்டு நகரவில்லை. நானும் நின்றேன், குடையோடு. நிலச் சொந்தக்காரனுக்கு அதுதான் வேலை.

மறுநாள் மதியம் போன் மணி அடித்தது. “செல்வியக்கா, மருமவன்!” என்று டெய்லர் ஓடினார். வரப்பு வழுக்கியது. ஆள் குப்புற விழுந்தார். சேற்றுக்கு மேலே ஒரு கை மட்டும் நீண்டிருந்தது. அதில் போன், ஒரு துளி ஈரம் படாமல்.

நான் அக்காவை ஸ்கூட்டரில் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய் விட்டேன். பேத்தி பிறந்தபோது செல்வியக்கா பக்கத்தில் இருந்தார்.

இப்போது நடவுக்காரர்களுக்குக் கங்காரு பைதான், வாயில் நாடாவோடு. “கங்காருவும் குட்டி விழாம வாயை இறுக்கிக்கும் சார். வீடியோவைக் கடைசி வரைக்கும் பாக்காம விட்டுட்டேன்.”

என் தீபாவளிச் சட்டை பொங்கலுக்கு வந்தது. உட்கார்ந்தே இருக்கிற எனக்கும் நாடா வைத்திருந்தார். பையில் ஒன்றும் இல்லாத நாளிலும் அதை முடிந்துகொண்டுதான் கிளம்புகிறேன்.