அம்பு போடுகிற சேர்

கரண்ட் போனால் நீங்கள் என்ன செய்வீர்கள்? பக்கத்து வீட்டை எட்டிப் பார்ப்பீர்கள். அங்கும் இல்லையென்றால் மனம் ஆறிவிடும். ஆனால் கரண்ட் போனதும் தாளும் பென்சிலும் தேடுகிற ஓர் இனம் நம் கரையோரத்தில் பெருகிவருகிறது. மின்சாரத் திட்டம் ஒன்று வந்தால் ஊர் என்னவாகும், வராவிட்டால் என்னவாகும் என்று கணினிக்குள்ளே ஊரின் மாதிரி ஒன்றைச் செய்து ஓட்டிப் பார்த்துச் சொல்கிறவர்கள். அம்பு போடுகிற சேர்மார் என்று நான் இவர்களுக்குப் பெயர் வைத்திருக்கிறேன்; படித்தவரெல்லாம் நம்மூரில் 'சேர்'தானே.

இவரை அடையாளம் காண்பது சுலபம். "வெயில் கூடிட்டு" என்று நீங்கள் சொன்னால் போதும். ஒரு பெட்டி வரைந்து அதற்குள் வெயிலை அடைத்து, அதிலிருந்து மின்விசிறிக்கு ஓர் அம்பு, மின்விசிறியிலிருந்து பில்லுக்கு ஓர் அம்பு, பில்லிலிருந்து வீட்டுக்காரரின் எரிச்சலுக்கு, எரிச்சலிலிருந்து சுற்றிக்கொண்டு மறுபடியும் மின்விசிறிக்கு என்று போட்டு, ஒவ்வோர் அம்பின் தலையிலும் ஒரு பிளஸ்ஸோ மைனஸோ வைத்து, "பாத்தீங்களா, எல்லாம் சுழல்" என்பார். நீங்கள் வியர்த்துக்கொண்டுதான் இருப்பீர்கள்.

நேரடியாகப் பதில் சொல்வது இவருக்கு ஆகாது. மின்மாற்றி வேண்டுமா வேண்டாமா என்று கேட்டுப் பாருங்கள். "அப்படிக் கேக்கப்படாது, முழு முறைமையையும் பாக்கணும்" என்பார். மனைவி மீன் வாங்கச் சொன்னாலும் இதே பதில்தானா என்று அவர் வீட்டிலேயே விசாரித்தேன். அதேதானாம்.

எங்கள் சாய்ந்தமருதில் இந்த இனத்துக்குத் தலைவர் இன்ஷாப் சேர். அதே ஊரில் கரையோரம் ஐஸ் ஆலை வைத்திருப்பவர் ஷிப்லி. அவருக்கு ஒரே கவலை: பின்னேரமாகி ஊரில் விளக்கெல்லாம் எரியத் தொடங்கினால் மின்னழுத்தம் விழுந்து, ஐஸ் கட்டியாகாமல் பாதித் தண்ணீராக நிற்கிறது. இப்படியே போனால் தோணிக்காரர் வேறூரில் ஐஸ் எடுப்பார்கள், ஆலையில் நிற்கிற ஒன்பது பேருக்கும் வேலை போகும். கரைக்கு ஒரு புது மின்மாற்றி கொடுக்கலாமா என்று திட்டக் குழு ஒன்று யோசித்தது. யோசிக்கிற வேலையை இன்ஷாபிடம் ஒப்படைத்தது.

அவர் மண்டபத்தில் திரை கட்டினார். சிவப்புக் கோடு ஒன்று ஏறியது, இன்னும் ஏறியது, பிறகு மெதுவாக இறங்கியது.

"2031ல மின்தட்டுப்பாடு தானாகவே தீருது. புது மின்மாற்றி தேவையில்ல."

குழுவினர் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். ஷிப்லி மட்டும் எழும்பினார்.

"எப்பிடி சேர் தீருது?"

"ஐஸ் பெக்டரி ஒண்டு மூடுபடுது. அதால பின்னேர லோட் குறையுது. முறைமை தன்னைத்தானே சமப்படுத்துது."

"கரையில ஒரு பெக்டரிதானே இரிக்கி. அது என்ட."

"ஓம், அதுதான்" என்றார் இன்ஷாப், வகுப்பில் ஒருவனாவது விளங்கிக்கொண்டான் என்ற சந்தோஷத்தில்.

"நான் ஏன் மூடுற?"

"ஐஸ் எடுக்க வாற தோணி குறையுது. நானே கரையில நிண்டு ஒரு மாசம் எண்ணினன். அரவாசித் தோணி கடலுக்குப் போகல்ல."

"எந்த மாசம் எண்ணினீங்க?"

இன்ஷாப் தாளைப் புரட்டினார். "மார்ச்."

"அது நோம்பு மாசம் சேர்."

நோன்பு காலத்தில் நம் கரையில் பாதித் தோணி ஏறிக் கிடக்கும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இன்ஷாப் தானும் நோன்பு பிடித்துக்கொண்டு, நா வறள வெயிலில் நின்றுதான் எண்ணியிருக்கிறார். பசி தெரிந்திருக்கிறது, மாசம் தெரியவில்லை.

வெட்கப்பட்டார் என்கிறீர்களா? "நோம்பு இந்த மாதிரியில சேர்க்கப்படல்ல. அடுத்த பதிப்பில போடுவம்" என்றார். அறிக்கை அன்றே போய்விட்டது. மின்மாற்றி வேறூருக்குப் போனது. தோணிக்காரரும் ஐஸ் எடுக்க வேறூருக்குப் போனார்கள். போன கிழமை ஷிப்லி ஆலையைப் பூட்டினார்; அந்த ஒன்பது பேரும் வேலையில்லாமல் வீட்டில் இருக்கிறார்கள். இப்போது பின்னேரத்தில் கரண்ட் நன்றாக நிற்கிறது. "மாதிரி சரி, அஞ்சு வருஷம் முந்திட்டு, அவ்வளவுதான்" என்கிறார் இன்ஷாப்.

அவரைத் திட்ட வாயெடுக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். தட்டுப்பாடு தானாகவே தீர்கிறது என்று மேலே படித்தபோது, யாருடைய தலையில் தீர்கிறது என்று நீங்கள் கேட்டீர்களா? நல்ல செய்தி என்று அடுத்த வரிக்குத்தானே போனீர்கள்.