எருமை முதலாளியின் கரி பஸ்

சேலம் ஜில்லாவில் உள்ள எருமைகளை ஒரு பக்கமும், எங்கள் முதலாளி ‘எருமை’ என்று திட்டியவர்களை மறுபக்கமும் நிறுத்தினால், எங்கள் கூட்டம்தான் பெரிதாக இருக்கும். டிரைவர், கிளீனர், கண்டக்டரான நான், பஞ்சர் ஒட்ட வருபவர் எல்லோரும் அவருக்கு எருமைதான். ஊரில் அவர் சொந்தப் பெயர் மறைந்துபோய், எருமை முதலாளி என்பதே நிலைத்துவிட்டது.

அது யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடின. எடப்பாடியிலிருந்து சூரமங்கலம் ஸ்டேஷனுக்குப் போகும் எங்கள் பஸ்ஸின் முதுகிலும் ஒரு கரி அடுப்பு ஏறிக்கொண்டது. விடியுமுன் அதைப் பற்றவைத்து, அதற்குக் காற்று ஊதும் சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். வண்டி நாலு தரம் இருமிவிட்டு, மனசிருந்தால் கிளம்பும். மனசில்லாவிட்டால் கிளீனர் எருமையாவார். அவரும் பொறுத்துப் பார்த்துவிட்டு, மூட்டை தூக்குவதே மேல் என்று போய்விட்டார்.

மறுநாளே டிரைவர் மாரியப்பன் முதலாளி முன்னால் வந்து நின்றார். அந்த வண்டி அவர் கைக்கு மட்டும்தான் அடங்கும். சேலத்து பஸ் முதலாளி ஒருவர் வேறு அவரை வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

“நான் வேலைய விட்டு நின்னுக்கறனுங்க. பெட்ரோலு மாறிப்போச்சு, உங்க வாய் மாறலீங்களே. புகையில சாகறது நாங்க, திட்டறது நீங்களுங்களா?”

நான் மெல்லத் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். முதலாளி திட்டவில்லை. மீசையைத் தடவிக்கொண்டார்.

“செரி. நாளைக்கு நாந்தான் கிளீனரு. நான் திட்டற மாதிரியே நீங்க என்னைத் திட்டோணும். அப்பறமும் போறதுன்னாப் போ, மாரியப்பா.”

சொன்னபடியே விடியற்காலையில் வேட்டியை மடித்துக் கட்டி வந்து சக்கரத்தைச் சுற்றினார். புகைதான் வந்தது. ஏன் இன்னும் திட்டவில்லை என்று எங்களைக் கேட்டார். மாரியப்பன் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளியின் பார்வை என்மேல் விழுந்தது. எனக்கோ பிரயாணிகளிடம் டிக்கெட் கேட்கவே நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

“ஏனுங்க எருமைங்க... கொஞ்சம் வேகமாச் சுத்துனா என்னங்க?” என்றேன்.

“பொண்ணு கேக்க வந்தவனாட்டம் பேசறே. திட்டுன்னா அடிவயித்துல இருந்து வரோணும்டா” என்று எனக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தார்.

அதற்குள் ரயிலைப் பிடிக்க வேண்டிய ஜவுளி வியாபாரி ஒருவர், கரி அப்பிய முதலாளியின் முகம் அடையாளம் தெரியாமல், ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டித் திட்டித் தீர்த்தார். எருமையில் தொடங்கி எருமையின் பாட்டன் வரைக்கும் போனார். முதலாளியின் கை அப்படியே நின்றுவிட்டது.

ஒருவழியாக வண்டி கிளம்பி ஸ்டேஷனில் ஆட்கள் இறங்கியதும், முதலாளி மாரியப்பனிடம் மெதுவாகக் கேட்டார்.

“நானும் இப்படித்தான் பேசறனா?”

“இல்லீங்க. அவரு அவசரத்துல பேசுனாரு. நீங்க நெதானமாப் பேசுவீங்க.”

மாரியப்பன் போகவில்லை. முதலாளியும் அதன்பிறகு எங்களைத் திட்டவில்லை. ஆனால் அந்த வாய் சும்மா இருக்குமா? தினமும் விடியற்காலையில் வந்து, மட்கார்டில் ஒரு தட்டுத் தட்டி வண்டியைத் திட்டினார். எங்களுக்குச் சேர வேண்டிய வசவெல்லாம் அதற்குப் போயிற்று. அதுவும் பயந்ததுபோலக் கிளம்பியது.

அவர் காலமாகி, காரியமெல்லாம் முடிந்த மறுநாள் வண்டி கிளம்பவில்லை. புதுக் கிளீனர் சுற்றிச் சுற்றிக் களைத்துப்போனார். மாரியப்பன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

நான் போய் மட்கார்டைத் தட்டினேன்.

“கெளம்புடா, எருமை.”

அடிவயிற்றிலிருந்துதான் வந்தது.