ஆனியில் நின்றுபோன சர்வர்

ஒரு மனிதர் சாவதற்கு ஐந்து நாள் முன்பே அவருடைய சவப்பெட்டிக்கு விமானத்தில் இடம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பியவள் நான். போலீஸ் நிலையத்தில் உட்கார்ந்து அதற்கு விளக்கமும் சொல்லியிருக்கிறேன். சொன்னது உண்மைதான். ஆனாலும் சொல்லி முடித்தபோது, பேசாமல் கொலையை ஒப்புக்கொண்டிருந்தால் மரியாதையாவது மிஞ்சியிருக்கும் என்று தோன்றியது.

அப்போது எனக்கு வயது இருபத்து நான்கு. கோலாலம்பூருக்குத் தெற்கே ரெங்கத்தில் பிறந்து, கணினியில் டிப்ளோமா வாங்கி, ஓராண்டு வேலை தேடி (தேடினேன் என்பது அம்மாவுக்குச் சொன்ன கணக்கு, பெரும்பாலும் தூங்கினேன்), கடைசியில் தம்போய் என்ற இடத்தில் என் தாய்மாமா தனபாலனிடம் போய்ச் சேர்ந்தேன். மாமா நடத்துவது ஈமச்சடங்குத் தொழில். பெட்டி, வேன், குளிர் அறை எல்லாம் உண்டு. இங்கே வேலைக்கு வந்து இறந்துபோகும் தமிழ்நாட்டு ஆட்களின் உடலை ஊருக்கு அனுப்பும் வேலையும் உண்டு. அதற்கான பத்திரங்களைத் திரட்டி உரிய இடங்களுக்கு அனுப்புவது என் பொறுப்பு.

அங்கே உண்மையான முதலாளி விமலா அத்தை, அதாவது மாமாவின் மனைவி. அத்தைக்கு நல்ல நேரம் பார்க்காமல் எதுவும் ஆகாது. எங்கள் வாடிக்கையாளர்கள் யாரும் ராகு காலம் பார்த்துச் சாவதில்லை. அந்தக் குறையை அத்தை மற்ற எல்லாவற்றிலும் ஈடுகட்டினார். பிரிண்டருக்கு இங்க் மாற்றுவதற்கே நாள்காட்டியைக் கிழித்துப் பார்ப்பார்.

அலுவலகத்துக்கு அதுவரை இலவச மின்னஞ்சல் ஒன்றுதான் இருந்தது. இறப்புச் சான்றிதழ், கடப்பிதழ் (பாஸ்போர்ட்) நகல் என்று கனமான கோப்புகள் வந்து வந்து அது நிரம்பி வழிந்தது. கொஞ்சம் இடம் வாங்கியிருந்தால் போதும். நான் அப்படிச் சொல்லவில்லை.

“நம்ம பேர்லயே சொந்தமா ஒரு மெயில் சர்வர் வெச்சிக்கலாம் மாமா,” என்றேன். மூன்று வீடியோ பார்த்திருந்தேன். மூன்றாவதைப் பாதிதான்.

“அதுக்குப் புது கம்ப்யூட்டர் வேணுமா?”

“வேணாம் மாமா. இருக்கிற கம்ப்யூட்டருக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டர் செய்யலாம். விர்ச்சுவல் மெஷின்னு பேரு. வெளிய ஒண்ணு இருக்குன்னு உள்ள இருக்கிறதுக்குத் தெரியவே தெரியாது.”

மாமா கணினியைத் திரும்பிப் பார்த்தார். “அப்ப பூசை எதுக்குப் போடறது? வெளிய இருக்கிறதுக்கா, உள்ள இருக்கிறதுக்கா?”

நான் சிரித்தேன். இந்தக் கதை முழுவதிலும் யாரேனும் கேட்ட ஒரே உருப்படியான தொழில்நுட்பக் கேள்வி அதுதான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அத்தை நாள் குறித்தார். ஆனி மாதம் முடியப்போகிறது. ஆடி பிறந்துவிட்டால் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது. கடைசியாகக் கிடைத்த நல்ல நாள் ஒரு புதன்கிழமை, பத்தரையிலிருந்து பதினொன்றரை வரை.

“ஒரு மணி நேரம் போதுமா ஷாமினி?”

“தாராளமா போதும் அத்தை.”

“மொத மெயில பிரிண்ட் எடுத்துக் குடு. நாள், நேரம் எல்லாம் அதுல வரணும். சாமி மேடையில வெக்கணும்.”

புதன்கிழமை எல்லாம் முறைப்படி நடந்தது. கணினிப் பெட்டிக்குச் சந்தனப் பொட்டு வைத்தார் அத்தை. உள்ளே இருக்கும் கணினிக்கு எப்படி வைப்பது என்று சற்றுத் தடுமாறி, திரையில் அந்தச் சன்னல் திறந்திருந்த இடத்திலேயே ஒரு பொட்டு வைத்தார். (அந்தக் கறை கடைசிவரை போகவில்லை.) கற்பூரம் காட்டினார்கள். நான் பயபக்தியோடு நிறுவும் நிரலை ஓட்டினேன். உள்கணினிக்கு நான் ஒதுக்கியிருந்த நினைவகம் பத்தாது என்று சொல்லி அது நின்றது. கூட்டிக்கொடுத்தேன். சர்வரின் முழுப் பெயர் என்ன என்று கேட்டது. ‘மாமா ஆபீஸ்’ என்று கொடுத்தேன். அதற்குப் பிறகு அது என்னிடம் எதுவுமே கேட்காமல் அப்படியே உறைந்து நின்றது.

மணி பதினொன்று இருபத்தைந்து. எனக்குப் பின்னால் மாமாவும் அத்தையும் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார்கள். நல்ல வேளையாக பக்கத்து ஊரான மாசாயில் ஒருவர் தவறிவிட்டதாகப் போன் வந்தது.

“ஏறிடுச்சாம்மா?” என்று வேன் சாவியை எடுத்தபடி கேட்டார் மாமா.

“ஏறிடுச்சு மாமா.”

இதுதான் முதல் பொய். அடுத்து வந்த ஒன்பது நாளும் நான் அந்த மென்பொருளை நிறுவுவதும் அழிப்பதுமாக இருந்தேன். பெயர் சேவைப் பதிவு தவறு, கடவுச்சொல் மறதி, ஏதோ ஒரு கோப்பில் ஒரு புள்ளி குறைவு. அத்தை தினமும் அந்தத் தாளைக் கேட்டார். இங்க் காய்ந்துவிட்டது என்றேன். காகிதம் சிக்கிவிட்டது என்றேன். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஒருவழியாக சர்வர் உயிர் பெற்றது. நாள்காட்டியில் ஆடி ஐந்து.

முதல் மின்னஞ்சலை அச்சடித்தால் அதில் ஆடி வெள்ளியின் தேதி வரும். அத்தை அதைச் சாமிக்கு முன்னால் வைத்துப் படிப்பார். நான் பேனாவால் திருத்த முடியாது. ஆனால் கடிகாரத்தைத் திருத்தலாம்.

விர்ச்சுவல் மெஷின் தன்னுடைய நேரத்தை வெளியே இருக்கும் கணினியைப் பார்த்துத்தான் சரிசெய்துகொள்ளும். அந்தத் தொடர்பைத் துண்டித்தேன். உள்ளே மட்டும் கடிகாரத்தை ஒன்பது நாள் பின்னால் திருப்பி, புதன்கிழமை பத்து நாற்பது என்று வைத்தேன். மாமாவின் புது முகவரிக்கு ‘ஓம்’ என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பி அச்சடித்தேன். புதன்கிழமை, பத்து நாற்பத்தொன்று. அச்சு அசலாக ஆனி மாதம்.

அத்தை அந்தத் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “பாத்தீங்களா, எவ்ளோ நல்ல நேரத்துல விழுந்திருக்கு,” என்று மாமாவிடம் காட்டினார். எனக்கு வடை வந்தது. வடை தின்றேன். வெளியூருக்குப் போகிறதா என்று பார்க்க என் சொந்த முகவரிக்கு ஒன்று அனுப்பினேன். கைப்பேசி ‘டிங்’ என்றது. திறந்து பார்க்கவில்லை. கடிகாரத் தொடர்பை மறுபடி இணைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கை கழுவப் போனேன். கையைக் கழுவினேன். அவ்வளவுதான்.

திரையின் மூலையில் தினமும் நான் பார்த்தது வெளிக்கணினியின் நேரம். அது சரியாகத்தான் ஓடியது. உள்ளே இருந்த சர்வர் மட்டும் ஒன்பது நாள் பின்னால், ஆனியிலிருந்து புறப்பட்டு வந்துகொண்டிருந்தது. அங்கிருந்து போன ஒவ்வொரு மின்னஞ்சலும் பழைய தேதியோடு போய், வாங்குபவரின் பெட்டியில் ஒன்பது நாள் குப்பைக்கு அடியில் படுத்துக்கொண்டது. எங்கள் ஆட்கள் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் பேசுகிறவர்கள் என்பதால் யாருக்கும் உறைக்கவில்லை. இரண்டொரு பதில் வராதபோது மாமாவே காரணம் சொன்னார். “ஆடி மாசம்லா. எல்லாம் மெதுவாத்தான் நடக்கும்.”

அப்புறம் செல்வராசு இறந்தார்.

யோங் பெங் பக்கம் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் வேலை. நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை விடுதியில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் மாரடைத்து விழுந்தார். அரியலூர் பக்கத்துக் கிராமத்தில் இருந்த அவர் மனைவி தெய்வானை தினமும் எனக்குப் போன் செய்வார். அழமாட்டார். எந்தப் பத்திரம் கிடைத்தது, எது பாக்கி என்று மட்டும் கேட்டுக்கொள்வார்.

வியாழக்கிழமை எல்லாப் பத்திரமும் கைக்கு வந்தது. சரக்கு முகவர் சனிக்கிழமை விமானத்தில் இடம் இருப்பதாகச் சொல்லி, அனைத்தையும் மின்னஞ்சலில் கேட்டார். அனுப்பினேன். கிடைத்ததா என்று ஒரு போன் செய்திருக்கலாம். சொந்தமாக சர்வர் வைத்திருப்பவள் எதற்குப் போன் செய்ய வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

“சனிக்கிழமை ஏத்திருவோம்க்கா. ஞாயிறு வீட்டுக்கு வந்துருவாரு,” என்று தெய்வானைக்குச் சொன்னேன்.

சனிக்கிழமை விடிகாலையிலேயே அந்தோணி அண்ணன் பெட்டியோடு கோலாலம்பூர் விமான நிலையத்துக்குக் கிளம்பிவிட்டார். அவர் எங்கள் வேன் ஓட்டுநர். ஞாயிறு பூசைக்குத் தவறாத கத்தோலிக்கர். அத்தையின் நாள்காட்டிக்கு அஞ்சாத ஒரே ஆள். பத்து மணிக்கு அவரிடமிருந்து போன்.

“இந்தாம்மா ஷாமினி, இங்க பேரே இல்லங்கறாங்க.”

“நான் வியாழக்கிழமையே அனுப்பிட்டேன் அண்ணே. நல்லா தேடச் சொல்லுங்க.”

தேடினார்கள். கிடைத்தது. அதுதான் வினையாகப் போயிற்று. அண்ணன் மறுபடி பேசியபோது குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“மெயில் இருக்கு. ஆனா போன வாரம் செவ்வாய்க்கிழமை வந்ததுன்னு போட்டிருக்கு. இந்த ஆளு செத்தது ஞாயித்துக்கிழமை. அஞ்சு நாள் முன்னாடியே பெட்டிக்கு இடம் கேட்டிருக்கீங்களே, எப்படின்னு ஆபீசரு கேக்கறாரு. நான் என்னா சொல்லட்டும்?”

போனை மாமாவிடம் நீட்டினேன். இறப்பைப் பதிவு செய்த போலீஸ் நிலையத்திலிருந்து கடிதம் வரும்வரை பெட்டி நகராது என்று சொல்லிவிட்டார்கள். விமானம் செல்வராசு இல்லாமலே போனது.

மாமா என்னை ஏற்றிக்கொண்டு யோங் பெங்குக்கு ஓட்டினார். வழியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“யாராச்சும் ஹேக் பண்ணிட்டானுங்களா?”

“இருக்கலாம் மாமா,” என்றேன். (ஆமாம். அதையும் சொன்னேன்.)

நிலையத்தில் இருந்த சார்ஜன் நடுத்தர வயது மலாய்க்காரர். மருத்துவமனை அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு, மின்னஞ்சலின் தேதியையும் பார்த்து, என்னையும் பார்த்தார். அங்கேயும் ஹேக் என்று சொன்னால் அதையும் விசாரிப்பார்கள். எனக்குத் தெரிந்த மலாயில் ஆரம்பித்தேன். ஆனி நல்ல மாதம், ஆடி புதிதாகத் தொடங்க ஆகாத மாதம், கணினிக்குள் ஒரு கணினி, அதற்குள் ஒரு கடிகாரம், சாமி மேடையில் வைக்க ஒரு தாள். சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை குறைந்தது. மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஜாடி, ஜாம் து அவாக் யாங் பூசிங்?” என்றார் சார்ஜன். அப்படியானால் கடிகாரத்தைத் திருப்பியது நீதானா என்று அர்த்தம்.

“யா, துவான்.” ஆமாம், ஐயா.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். தன் அம்மாவும் சஃபார் மாதத்தில் (அது அவர்களுடைய ஆடி) வீடு மாற விடமாட்டார் என்று மலாயில் சொன்னார். கடிதத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, “ஆனால் அம்மா கடிகாரத்தைத் தொடமாட்டார்,” என்றார். கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

காரில் ஏறியதும் மாமா திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை. “அந்தப் பொண்ணுக்கு நீதான் போன் பண்ணிச் சொல்லணும்,” என்றார். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அடுத்த விமானம் செவ்வாய்க்கிழமைதான். போன் செய்தேன். பத்திரத்தில் ஒரு தேதி தவறிவிட்டது, தவறு என்னுடையது, இன்னும் மூன்று நாள் ஆகும் என்றேன். அந்தப் பக்கம் நிறைய பேர் பேசும் சத்தம் கேட்டது. பந்தல் போட்டிருப்பார்கள்.

“சொந்தமெல்லாம் வந்துட்டாங்க,” என்றார் தெய்வானை. “அவரு நாளைக்கு வந்துருவாருன்னு இன்னைக்குக் காலையிலேயே அடுப்ப அணைச்சிட்டோம். எடுத்து முடிக்கிற வரைக்கும் வீட்ல பத்த வெக்கக் கூடாது. புள்ளைங்க பக்கத்து வீட்ல சாப்பிடுதுங்க.” பிறகு கேட்டார். “அவரு அங்க தனியாவா இருக்காரு?”

“இல்லக்கா. அந்தோணின்னு எங்க அண்ணன் ஒருத்தரு கூடவே இருக்காரு.”

அந்த மாதம் முழுவதும் நான் சொன்ன பெரிய உண்மை அதுதான். பெட்டியைக் குளிர்க்கிடங்கில் வைத்துவிட்டுத் திரும்பி வாருங்கள் என்று மாமா சொன்னதற்கு அந்தோணி அண்ணன் மாட்டேன் என்றுவிட்டார். செவ்வாய்க்கிழமை வரை கிடங்கு வாசலில் வேனிலேயே கிடந்து, செபமாலை உருட்டி, பக்கத்துக் கடையில் ரொட்டி சானாய் தின்று, பெட்டி ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வந்தார்.

சர்வரை மறுநாளே அழித்தேன். இலவச மின்னஞ்சலுக்கே திரும்பி, கொஞ்சம் இடம் வாங்கிக்கொண்டோம். அந்த அச்சுத்தாள் மட்டும் இன்றும் சாமி மேடையில் இருக்கிறது. சாமிக்கு வைத்ததை எப்படி எடுப்பது என்கிறார் அத்தை.

இப்போது எங்கள் குடும்பத்தில் யார் தாமதமாக வந்தாலும், “என்னா, இன்னும் ஆனியிலயே இருக்கியா?” என்பார்கள். என் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் அரை மணி நேரம் பிந்தி வந்தபோது அவர்களுக்கும் அதே கேள்விதான். தீபாவளிக்கு எல்லோரும் கூடினால் மாமா முழுக் கதையும் சொல்வார். “என் மருமக பயங்கர வேகம். ஆளு சாகறதுக்கு அஞ்சு நாள் முன்னாடியே பெட்டிக்கு இடம் புடிச்சிட்டா,” என்று ஆரம்பித்து, சார்ஜனின் அம்மாவோடு நிறுத்திவிடுவார். கார் ஏறியதற்குப் பிறகு நடந்ததை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

மாமா அந்த இடத்தில் நிறுத்தியதும் முதலில் சிரிப்பது நான்தான். கொஞ்சம் சத்தமாகவே சிரிப்பேன். இல்லாவிட்டால் யாராவது, அப்புறம் என்னா ஆச்சு என்று கேட்டுவிடுவார்கள்.