பழம் யாரிடமோ, கணக்கு அவரிடம்

யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுவதும் தேடினாலும் கணினிக்கு வாழைப்பழத்தால் வைத்தியம் பார்த்தவர் கதலி அண்ணை ஒருவராகத்தான் இருப்பார்.

உரும்பிராயில் நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த உரக்கடையில் அவர் மூத்த கணக்கர். நீர்வேலியில் சொந்தமாகக் கதலி வாழைத் தோட்டம். சளி, தடிமன் என்றாலும் பழம் தருவார், கலியாணம் தள்ளிப்போகிறது என்று அழுதாலும் பழம் தருவார். அதனால் அந்தப் பெயர்.

கடையில் எங்களுக்கு மூன்று கணினிகள், கணக்குக் கோப்பு ஒன்றே ஒன்று. ஒருவர் திறந்து வைத்திருக்கையில் இன்னொருவர் திறக்கப் போனால், 'வேறொருவர் பயன்படுத்துகிறார்' என்று திரை எச்சரிக்கும். யாரோ அதை மதிக்காமல் பிரதி எடுத்து, பழையதன் மேலேயே சேமித்துவிட்டார்கள். கதலி அண்ணையின் ஒரு காலை வேலை முழுக்கப் போய்விட்டது. பழி, புதிதாக வந்த என் தலையில் விழுந்தது.

"இன்னொருக்கா உப்பிடி நடந்தா நீர் வரத் தேவையில்லை," என்றார் முதலாளி. வீட்டில் என் சம்பளத்தை நம்பித்தான் அடுப்பு எரிந்தது.

மறுநாள் கதலி அண்ணை ஒரு பழத்தோடு வந்தார்.

"பழம் ஆரின்ரை மேசையிலை இருக்கோ, அவர்தான் ஃபைலைத் திறக்கலாம். வேலை முடிஞ்சா மூடிப்போட்டுப் பழத்தை மற்ற ஆளிட்டைக் குடுக்கவேணும்."

சிரித்தோம். ஆனால் எச்சரிக்கை நின்றுவிட்டது. ஒருநாள் உரம் வாங்க வந்தவர் பழத்தை உரித்துச் சாப்பிட்டுவிட்டார். கணக்கு வேலை அப்படியே நின்றது. பக்கத்துக் கடையில் ஒன்று வாங்கி வருகிறேன் என்றேன்.

"அங்கை இருக்கிறது கப்பல் வாழைப்பழம் பிள்ளை, கதலி இல்லை. அது செல்லாது," என்று சொல்லிவிட்டு, நீர்வேலிக்குச் சைக்கிள் மிதித்தார் மனிதர்.

பிறகு ஒரு காலை, கணக்காய்வாளர் வரவிருந்த நாள். பழம் என் மேசையில் இருக்க, என் திரையில் எச்சரிக்கை. நான் 'ஐயோ' என்றதும் முதலாளி அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"திரும்பவும் நீரோ?"

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். கதலி அண்ணை எழுந்து மற்றக் கணினிகளைப் பார்த்தார். எதிலும் கோப்பு திறந்திருக்கவில்லை. என் மேசையிலிருந்த பழத்தை எடுத்துக்கொண்டு நேரே முதலாளியின் அறைக்குள் போனார். உள்ளே ஒரு மடிக்கணினி இருப்பது எங்களில் ஒருவருக்கும் நினைவில் இல்லை.

"முதலாளி, பழம் என்ரை கையிலை. ஃபைல் எப்பிடி உங்களிட்டை?"

"நான் சும்மா பாக்கத்தானே திறந்தனான்."

"பாக்கிறதெண்டாலும் பழம் வேணும். என்ரை கணக்கு அழிஞ்ச அண்டைக்கும் நீங்கள் சும்மா பாத்தனீங்களோ?"

உள்ளே மடிக்கணினி டப்பென்று மூடும் ஒலி கேட்டது. சற்று நேரத்தில் என் திரையில் எச்சரிக்கை மறைந்தது. அண்ணை வந்து பழத்தை என் மேசையில் வைத்தார்.

"வேலையைப் பார் பிள்ளை."

முதலாளி மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் அதன்பின் கணக்குப் பார்க்க வேண்டுமென்றால் என் மேசைக்கு வந்து, "தங்கச்சி, பழத்தை ஒருக்காத் தாரும்," என்று கேட்டு வாங்கிப் போவார்.

இப்போது நான் வேலை செய்யும் இடத்தில் பலர் ஒரே நேரத்தில் ஒரே கணக்கில் எழுதலாம். எச்சரிக்கை வருவதே இல்லை. ஆனாலும் என் மேசையில் ஒரு கதலிப்பழம் இருக்கும். அது கிடைக்காத நாட்களில் மேசையை வெறுமையாகவே விட்டுவிடுவேன். அந்த மனிதருக்கு நான் பட்ட நன்றிக்கடனுக்குக் கப்பல் பழம் செல்லாது.