பசுவை உடனே கொண்டுபோகவும்

அன்பும் மதிப்பும் மிக்க மச்சான் அன்ரனி அவர்கட்கு,

சிலாபத்தில் நீரும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடி, நுரைச்சோலையிலிருந்து நிக்கொலஸ் எழுதுவது. தொலைபேசியில் சொன்னால் சிரிப்பீர், அதனால் கடிதம். யுத்தம் முடிந்த வருஷம் நீர் எமக்குத் தந்த பசுவை அடுத்த கிழமையே லொறியில் வந்து ஏற்றிச் செல்லவும்.

கோடையில் இங்கே மேய்ச்சல் தரையில் மணலைத் தவிர ஒன்றுமில்லை. பால் வற்றினால் மாட்டை விற்றுவிடுவேன் என்று உமது தங்கை அனஸ்தாசியா கண்டிப்பாய்ச் சொல்லிவிட்டாள். அப்போதுதான் கால்நடை அலுவலகத்திலிருந்து மதுசா என்ற பிள்ளை வந்து, மாட்டை அவிழ்த்துவிடாமல் புல்லை நட்டு வெட்டிப் போடச் சொன்னார். நட்டேன் மச்சான், கிணற்றுத் தண்ணீர் ஊற்றினேன், புல் என் தலைக்கு மேலே வளர்ந்துவிட்டது, பாதையால் போகிறவர்கள் நின்று பார்க்க, வெட்ட மனம் வராமல் நானும் அழகு பார்த்தேன். மதுசா திரும்பி வந்து, தண்டு முற்றிவிட்டது, மாடு மூங்கில் தின்னாது என்றார். மாடும் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பியது.

முற்றியதை வெட்டிவிட்டு, மறுபடி துளிர்ப்பதை இளசாகவே வெட்டி, நறுக்கி, தண்ணீர் பிடிக்கும் பெரிய நீலப் பிளாஸ்டிக் பரலில் காற்றுப் புகாமல் மிதித்து மூடி வைத்தால், புளித்துக் கோடைத் தீனியாகும் என்று அவரே சொல்லித்தந்தார். மிதிக்க இறங்கியது நான். ஓரத்துப் புல்லைக் கையால் அமர்த்தலாம் என்று குந்தினேன், எழும்ப முடியவில்லை. அனஸ்தாசியா கூப்பிட, பக்கத்துக் காணி செய்னுலாப்தீன் நானா ஓடி வந்தார், அவருக்குப் பின்னால் கோயிலில் நவநாள் செபம் முடிந்து வந்த சனம் முழுவதும்.

“பேசாம இரிங்க தம்பி, சாய்ச்சித்தான் எடுக்கோணும்” என்றார் நானா.

சாய்த்தார்கள். வேலிவரை உருண்டு அங்கே வெளியே வந்தேன். இடுப்பில் கட்டிய சாரம் பரலுக்குள்ளேயே தங்கிவிட்டது. அன்றிலிருந்து கோயிலடியில் என் பெயர் பரல் நிக்கொலஸ். பூசையில் சுவாமியாரும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் நாக்கில் நன்மை அப்பம் வைக்கிறார். மிச்சத்தை மிதித்து மூடியது உமது தங்கை. அதைத் திறக்கவும் வேண்டாம், மாடும் வேண்டாம், எனக்கு மானம் போதும்.

உமது வீட்டில் பானையும் வலையும் நிரம்பியிருக்க ஆண்டவர் அருள்வாராக.

இப்படிக்கு,
உமது தங்கையின் பாவப்பட்ட கணவன்
நிக்கொலஸ்

பி.கு.: முத்திரை வாங்க மறந்து கடிதம் ஒரு மாதமாக மேசையில் கிடந்தது. அதற்குள் அனஸ்தாசியா பரலைத் திறந்துவிட்டாள். கள்ளு வாசம் அடித்தது. மாடு கடைசித் துணுக்கையும் நக்கிவிட்டு இன்னும் கேட்டுக் கத்தியது, பாலும் கூடிவிட்டது. லொறிக் கதையைச் சொன்னேன். “மாடு போகாது, வேணுமெண்டா நீங்க போங்க” என்கிறாள். நானாவின் மாடுகள் வேலிக்குள் தலையை நுழைத்தபடி நிற்கின்றன, அடுத்த பரலை மிதிக்கத் தானே இறங்குவதாக அவர் சொல்லியிருக்கிறார், ஆள் மெலிவு. ஆகையால் லொறி கட்டாயம் வரட்டும். உம்மிடமுள்ள மற்றப் பசுவையும் அதில் ஏற்றி வாரும்.