சல்யூட் அடிக்கப் படித்த மான்

ஒரு காட்டில் ஒரு நரி இருந்தது என்று சொன்னதுமே அது தந்திரமான நரி என்று நீங்கள் முடிவு கட்டியிருப்பீர்கள். சின்ன வயதிலிருந்து கதை கேட்டுக் கெட்டுப்போன புத்தி. இந்த நரிக்குத் தந்திரம் கிடையாது. வேறு எதுவும்கூடத் தெரியாது. எதுவுமே தெரியாத காரணத்தால் அது எல்லாருக்கும் தொழில் கற்றுக்கொடுக்கும் பயிற்சி நிலையம் ஒன்றை நடத்திவந்தது. பெயர் நாச்சிமுத்து. காட்டில் எல்லாரும் மரியாதையாக நாச்சிமுத்து சார் என்பார்கள்.

அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. புல் காய்ந்து, வேர் காய்ந்து, கடைசியில் மான்கள் சருகை மென்றுகொண்டிருந்தன. காட்டு ஓரத்தில் யாரோ கைவிட்டுப்போன எஸ்டேட் பங்களா ஒன்று இருந்தது. அதன் தண்ணீர்த் தொட்டி ஒழுகிக்கொண்டே இருந்ததால் காம்பவுண்டுக்குள் மட்டும் புல் பச்சைப்பசேல் என்று நின்றது. சுற்றிலும் உயரமான சுவர். உள்ளே போக ஒரே ஒரு இரும்பு கேட், அதன் ஓரத்தில் ஆள் நுழையும் சின்னக் கதவு. கிழக் கலைமான் காளியண்ணன் முதலில் உள்ளே புகுந்து, தன் கூட்டத்தை அழைத்துக்கொண்டு, தானே தலைவர் என்றும் அறிவித்துவிட்டார்.

வெளியே நின்ற மான்களில் பூவாத்தாள் ஒருத்தி. அவள் குட்டி சின்னமணிக்குப் பின்னங்கால் ஒன்று பிறவியிலேயே கோணல். ஓடினால் பத்தடியில் இளைக்கும். புல் இல்லாவிட்டால் அந்தக் குட்டி இந்தக் கோடையைத் தாண்டாது. பூவாத்தாளுக்கு அது நன்றாகத் தெரியும். அதனால் வெட்கத்தை விட்டுக் கேட்டில் போய் நின்றாள்.

"அண்ணா, எனக்கும் என்ற புள்ளைக்கும் உள்ள ஒரு எடம் குடுங்கோ."

"எடம் வேணும்னா ஏதாச்சும் ஒரு வேலையில இருக்கோணும் அம்மிணி. நீ என்ன வேலை பண்றே?"

"நாந்தானுங்களே சிறுத்தை வந்தாக் கத்தறது. நான் கத்துனதும் நீங்கெல்லாம் ஓடுவீங்களே."

காளியண்ணன் சிரித்தார். "அதெல்லாம் ஒரு வேலையா? அது சுபாவம். நாளைக்கு மூச்சு விடறதுக்கும் வேலைன்னு பேர் வெச்சுக்கிட்டு வருவே போலிருக்குது."

பத்து நாளைக்கு முன்னால்தான் அந்தச் சுபாவம் அவர் உயிரைக் காப்பாற்றியிருந்தது. அதை அவருக்கு நினைவுபடுத்தலாம் என்று வாயைத் திறந்தாள். காரியம் ஆக வேண்டுமே என்று மூடிக்கொண்டாள்.

"ஒண்ணு பண்ணு," என்றார் காளியண்ணன். "கேட்டுக்கு ஆள் வேணும். நாச்சிமுத்து சார்கிட்டப் போய் செக்யூரிட்டி வேலைக்குப் படிச்சு சர்டிபிகேட் வாங்கிட்டு வா. கேட்டுல நிக்கறவங்க குடும்பத்துக்கு உள்ளயே எடம். அதுவரைக்கும் புள்ள உள்ள மேயட்டும். சர்டிபிகேட் வர்லீன்னா ரெண்டு பேரும் வெளிய."

பூவாத்தாள் அப்போதே கிளம்பிவிட்டாள்.

பயிற்சி நிலையத்தில் பெரிய வரிசை நின்றது. நாச்சிமுத்து சார் ஒரு பாறைமேல் உட்கார்ந்து, வருகிறவர்களின் முகத்தைக்கூடப் பார்க்காமல் தொழிலைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் அவர் மான்குட்டி பிடிக்கிற ஆள். குட்டி பிடிக்க ஓட வேண்டும், அட்மிஷன் போட உட்கார்ந்தால் போதும் என்று கண்டுகொண்டபின் மாறிவிட்டார். குயிலுக்கு வெல்டிங் கொடுத்தார். யானையைத் தையலுக்கு அனுப்பினார், அது முதல் நாளே மெஷின்மேல் உட்கார்ந்தது. ஆமையைக் கூரியரில் சேர்த்தார். அது இன்னமும் முதல் பார்சலைக் கொண்டுபோய்க்கொண்டிருக்கிறது என்று கேள்வி.

வரிசையில் தனக்கு முன்னால் நிற்பது யார் என்று பூவாத்தாள் கவனிக்கவில்லை. காற்று திரும்பியதும் மூக்கு சொல்லிவிட்டது. வாலைத் தூக்கி ஒரு கத்துக் கத்தினாள். வரிசை மொத்தமும் சிதறி ஓடியது. யானைகூட ஓடியது.

முன்னால் நின்றது சிறுத்தை சென்னியப்பன். அவர் ஓடவில்லை. முழங்காலைத் தடவிக்கொண்டு திரும்பிப் பார்த்தார். சிறுத்தைக்கு என்ன 'அவர்' வேண்டிக்கிடக்கிறது என்று கேட்காதீர்கள். நகம் உள்ளவர்களுக்கு மரியாதை கொடுத்து எழுதுவது என் வழக்கம்.

"பயப்படாதே அம்மிணி," என்றார். "நான் அந்தத் தொழிலை விட்டாச்சு. முட்டி தேஞ்சுபோச்சு. ஓட முடியறதில்லே. வேற ஏதாச்சும் கைத்தொழில் கத்துக்கலாம்னுதான் வந்தேன்."

நாச்சிமுத்து சார் உச்சுக்கொட்டினார். "ஓட முடியாட்டி என்னங்க, வண்டி ஓட்டக் கத்துக்குங்கோ. பள்ளத்துல ஒரு ஜீப்பு கெடக்குது. டிரைவர் கோர்ஸ்ல சேர்ந்துக்குங்கோ. அடுத்தது ஆரு? நீயா? உனக்கு என்ன வேணும்?"

"செக்யூரிட்டிங்க சார்."

"மொதல்ல இந்தக் கத்தற பழக்கத்தை விடு. அந்த வேலைக்கு அது ஆகவே ஆகாது."

பாடம் நடத்த வந்தது ஒரு நாய். நகரத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றது. முதல் வகுப்பில் எழுந்து நின்று, "வணக்கம், என் பேரு டைகர்," என்றது. அடுத்த நொடி வகுப்பில் ஒருவரும் இல்லை. அவர்களை மறுபடி பிடித்துக்கொண்டுவரவே அன்றைய பாடம் போய்விட்டது.

மறுநாளிலிருந்து பாடம் ஒழுங்காக நடந்தது. முதலில் சல்யூட். வலது முன்னங்காலை நெற்றிக்குத் தூக்கி, அப்படியே நிறுத்தி, இறக்க வேண்டும். அடுத்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவது. மானின் உடம்புக்கு நாற்காலி பொருந்துமா என்று யாரும் யோசிக்கவில்லை. பூவாத்தாள் விழுந்து எழுந்து அதையும் கற்றுக்கொண்டாள். பிறகு வந்ததுதான் முக்கியமான பாடம்.

"நடந்து வர்றவங்களை நிறுத்தணும்," என்றது டைகர். "எங்க போறே, யாரைப் பாக்கணும், எதுக்குப் பாக்கணும், எல்லாம் கேக்கணும். கார்ல வர்றவங்களை ஒண்ணும் கேக்கக் கூடாது. சல்யூட் அடிச்சு கேட்டைத் திறக்கணும். மாத்திச் செஞ்சா வேலை போயிரும்."

"வர்றது ஆருன்னு மோந்து பாக்கலாமுங்களா?" என்று கேட்டாள் பூவாத்தாள்.

"மோந்து பாக்கறதா? நான் நாய். நானே அதை விட்டுட்டேன்."

"ஆபத்துன்னா ஓடலாமுங்களா?"

"கேட்டை விட்டு ஓடினா டிஸ்மிஸ். கத்தினாலும் டிஸ்மிஸ். உள்ள இருக்கறவங்க தூங்கணுமில்ல?"

பூவாத்தாளின் பரம்பரை மொத்தமும் மூன்று வித்தைகளில்தான் உயிர் பிழைத்திருந்தது: மோப்பம், ஓட்டம், கத்தல். மூன்றையும் அவள் உடம்பிலிருந்து உருவி எடுப்பதற்குத்தான் அந்தப் பயிற்சி. தேர்வு நாளில் அவளை நிற்கவைத்து, பின்னால் போய்ச் சருகை மிதித்தார்கள். முதல் தடவை வால் தானாகத் தூக்கிக்கொண்டது. ஃபெயில். இரண்டாம் தடவை சின்னமணியின் பழைய ஒட்டிய வயிற்றை நினைத்துக்கொண்டு பல்லைக் கடித்து நின்றாள். சருகு நொறுங்கியது, காது ஆடவில்லை, வால் அசையவில்லை. டைகர் வகுப்பையே கைதட்டச் சொன்னது.

பட்டமளிப்பு விழாவில் அவளையும் சென்னியப்பனையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைத்து ஃபோட்டோ எடுத்தார்கள். சிறுத்தை வாடை மூக்கைத் துளைத்தது. அவள் சிரித்துக்கொண்டே நின்றாள். இந்த நிலையத்தில் படித்தவர் எவரும் வேலை இல்லாமல் இருந்ததில்லை என்று நாச்சிமுத்து சார் பேசினார். கூரியர் ஆமை விழாவுக்கு வரவில்லை, வழியில் இருந்தது.

அதற்கப்புறம் கொஞ்ச நாள் பூவாத்தாள் சந்தோஷமாக இருந்தாள் என்பதை மறைக்க மாட்டேன். தலையில் தொப்பி, கேட்டில் நாற்காலி, உள்ளே வயிறு உப்ப மேயும் குட்டி. முயல் வந்தால் எங்கே போகிறாய் என்று அதட்டினாள். அணிலைத் திருப்பி அனுப்பினாள். காளியண்ணன் வருகிறவர்களிடம் எல்லாம், "எங்க செக்யூரிட்டி டிரெய்னிங் எடுத்தவ," என்று பெருமையடித்தார்.

ஒருநாள் சாயங்காலம் ஒரு ஜீப் வந்து நின்று ஹாரன் அடித்தது. ஓட்டிவந்தது சென்னியப்பன். சிறுத்தை எப்படி கியர் போட்டது என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது எப்படிப் பேசியது என்று நீங்கள் கேட்கவே இல்லை.

பூவாத்தாளின் தோல் முழுக்கச் சிலிர்த்தது. ஆனால் அவளுக்குக் கற்றுக்கொடுத்த பதில் ஒன்றே ஒன்றுதான். முன்னங்கால் நெற்றிக்குப் போனது. கேட் திறந்தது. சென்னியப்பனும் பதிலுக்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வரும்போது ஜீப்பின் பின்சீட்டில் காளியண்ணனின் கொம்பு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் விசாரணை வைத்தார்கள். காளியண்ணனின் மைத்துனர் குப்பண்ணன் தலைவரானார். துக்கத்தை மறைக்க அவர் ரொம்பவே பாடுபட்டார், அதாவது துக்கம் இருந்திருந்தால். டைகரை வரவழைத்து அபிப்பிராயம் கேட்டார்கள்.

"வந்தவர் நடந்து வந்தாரா, வண்டியில வந்தாரா?" என்று அது பூவாத்தாளைக் கேட்டது.

"வண்டியிலதானுங்க."

"சல்யூட் அடிச்சியா?"

"அடிச்சனுங்க."

"அப்புறம் என்ன? இதுல தப்பே இல்லையே."

கூட்டத்துக்கு நிம்மதியாகப் போய்விட்டது. பூவாத்தாள் மட்டும், "வந்தது சிறுத்தைங்க," என்றாள். குப்பண்ணன் அவளைச் செல்லமாகக் கடிந்துகொண்டார். "அவரும் சார்கிட்டப் படிச்சவருதானே அம்மிணி? உன்ற கூடவே ஃபோட்டோவுல நிக்கறாரே. படிச்சவங்களைப் பத்தி இப்பிடிப் பேசலாமா?" நல்ல வேலை செய்ததற்காக அவளுக்கு ஒரு விசில் கொடுத்தார்கள். சத்தம் போடக் கூடாது என்பதால் அதை ஊதக் கூடாது என்றும் சொன்னார்கள்.

அன்று முதல் அவளுக்குப் புல் இறங்கவில்லை. வேலையை விட்டால் குட்டி பட்டினியில் சாகும். வேலையில் இருந்தால் ஒருநாள் ஜீப்பில் போகும். இந்தக் கணக்கை எந்தப் பக்கமிருந்து போட்டாலும் குட்டிதான் கழிந்தது.

சென்னியப்பன் மறுபடி வந்தபோது நல்ல பகல். சின்னமணி கேட்டுக்குப் பக்கத்திலேயே, அம்மாவின் நாற்காலி நிழலில் படுத்திருந்தாள். ஹாரன் அடித்தது. பூவாத்தாள் எழுந்து நின்றாள். முன்னங்காலைத் தூக்கவில்லை.

சென்னியப்பன் கண்ணாடியை இறக்கினார். அவர் பார்வை அவளைத் தாண்டி நாற்காலி நிழலுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டது. "ஏன் அம்மிணி, சல்யூட் இல்லையா?" என்றார்.

காலை நெற்றிக்குக் கொண்டுபோனால் புல் உண்டு, தொப்பி உண்டு, இடம் உண்டு. அவள் கால் பாதி தூரம் எழும்பியது. அந்த நேரத்தில் சின்னமணி தூக்கத்தில் ஒருமுறை காதை ஆட்டினாள். அவ்வளவுதான். பூவாத்தாளின் வால் தூக்கிக்கொண்டது. படிப்பு மொத்தமும் தொண்டையைக் கிழித்துக்கொண்டு ஒரே கத்தலாக வெளியே வந்தது.

காம்பவுண்டுக்குள் மேய்ந்துகொண்டிருந்த தலைகள் எல்லாம் நிமிர்ந்தன. கால்கள் ஓடத் தயாராயின. குப்பண்ணன் மட்டும் கோபமாகக் கேட்டைப் பார்த்தார்.

"டூட்டி நேரத்துல என்ன சத்தம்?" என்று அதட்டினார். "ஆரும் பயப்பட வேண்டாம். கேட்டுல டிரெய்னிங் எடுத்த ஆள் இருக்குது."

அந்த ஆள்தான் கத்துகிறது என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. தலைகள் மறுபடி புல்லுக்குத் தாழ்ந்தன. எந்தப் பயிற்சியும் பெறாத சின்னமணி மட்டும் துள்ளி எழுந்தாள். பூவாத்தாள் சின்னக் கதவை முட்டித் திறந்து, குட்டியை முன்னால் விட்டு, ஜீப்பை உரசிக்கொண்டு ஓடினாள். தொப்பி எங்கேயோ விழுந்தது.

சென்னியப்பன் துரத்தவில்லை. முட்டி இடம் கொடுக்கவில்லை, தவிர உள்ளே அவ்வளவு பேர் நிதானமாக மேய்ந்துகொண்டிருக்கும்போது எதற்கு ஓட வேண்டும்? கேட்டைத் திறக்க ஆள் இல்லாததால் தானே இறங்கித் திறக்க வேண்டியதாயிற்று. போகும்போது இதைக் குப்பண்ணனிடம் ஒரு புகாராகவே சொன்னார். பின்சீட்டில் அன்று குப்பண்ணனின் சொந்தத் தங்கை இருந்தாள். குப்பண்ணன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

பூவாத்தாளை டிஸ்மிஸ் செய்தார்கள். மூன்று குற்றம்: சல்யூட் அடிக்கவில்லை, கத்தினாள், ஓடினாள். அவள் ராத்திரியோடு ராத்திரியாகச் சுவருக்கு வெளியே வந்து, "எல்லாரும் வெளிய வந்துருங்கோ, அடுத்தது உங்களைத்தான் தின்பான்," என்று அழுதுகொண்டே சொல்லிப்பார்த்தாள்.

"உனக்குத்தான் வேலை போச்சே," என்றார் குப்பண்ணன் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து. "இன்னும் எதுக்குக் கத்தறே?"

காலியான இடத்துக்கு ஆள் எடுத்தார்கள். இந்த முறை சும்மா எவரையும் எடுப்பதில்லை, அனுபவமும் தகுதியும் பார்ப்பது என்று கூட்டம் முடிவு செய்திருந்தது. நேர்காணலுக்கு வந்தவர்களில் சென்னியப்பனிடம் டிரைவர் சர்டிபிகேட்டோடு, புதிதாக வாங்கிய செக்யூரிட்டி சர்டிபிகேட்டும் இருந்தது. மற்றவர்களிடம் காது மட்டும்தான் இருந்தது.

"ஜீப்புல சிறுத்தை வந்தா என்னங்க பண்ணுவீங்க?" என்று கேட்டார் குப்பண்ணன்.

"இனிமே வராதுங்க," என்றார் சென்னியப்பன். "அதுக்கு நான் கேரண்டி."

இப்படி ஒரு பதிலை அவர்கள் அதுவரை கேட்டதே இல்லை. எல்லாருக்கும் ஒரே மகிழ்ச்சி. அன்றைக்கே வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். கேட்டில் நிற்பவருக்கு உள்ளேயே இடம் என்ற விதிப்படி காம்பவுண்டின் நடுவில், தொட்டியை ஒட்டி, நல்ல நிழலாகப் பார்த்து அவருக்கு இடம் ஒதுக்கினார்கள்.

பூவாத்தாளும் சின்னமணியும் மலைச்சரிவில் மரப்பட்டையைக் கடித்துக்கொண்டு அந்தக் கோடையை ஓட்டினார்கள். ஒட்டிய வயிறுதான், ஆனாலும் இருவருக்கும் வயிறு இருந்தது. அங்கிருந்து பார்த்தால் பங்களா நன்றாகத் தெரியும். காலையில் மான்கள் வரிசையாக நிற்கும். சென்னியப்பன் ஒவ்வொருவருக்கும் சல்யூட் அடிப்பார். தினமும் வரிசை கொஞ்சம் சின்னதாகிக்கொண்டு வந்தது. வரிசையில் நிற்பவர்களுக்கு அது தெரியவில்லை. கேட்டில் ஒரு மான் சல்யூட் அடித்த காலம் போய், இப்போது சிறுத்தையே தங்களுக்கு அடிக்கிறதே என்ற பெருமையில் அவர்கள் கழுத்து நிமிர்ந்து, மிகவும் வசதியாக நீண்டிருந்தது.

நீதி: எந்தத் தொழிலுக்குப் போனாலும் சர்டிபிகேட்டோடு போங்கள். நீங்கள் தின்னப்போகிறவர்கள் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.